நர்சிங் முடித்தாயிற்று, அடுத்து என்ன? முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு வழிகாட்டி

பதினாறு வருடமாக வார்டில் நிற்கிறேன். வருடா வருடம் ரிசல்ட் வந்த சூட்டோடு புதுப் பிள்ளைகள் வந்து சேருவார்கள், அடுத்த வருடம் அதே மாதம் பார்த்தால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஒருத்தி துபாயில், ஒருவன் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில், இரண்டு பேர் ஜெர்மன் வகுப்பில், இன்னொருத்தி கல்யாணமாகித் தொழிலையே விட்டிருப்பாள். நான் சேர்ந்த காலத்தில் ஒரு வார்டுக்குப் பத்து வருடம் பார்த்த சிஸ்டர்கள் மூன்று பேராவது இருந்தார்கள். டிரிப்ஸ் ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசியை எப்படிப் போடுவது, நடு ராத்திரியில் எதற்கு டாக்டரை எழுப்ப வேண்டும், நோயாளியின் சொந்தக்காரர்கள் சத்தம் போட்டால் என்ன பேசுவது, எல்லாம் அவர்கள் பக்கத்தில் நின்று பழகியதுதான். இப்போது ஆறு மாதம் முடித்த பெண்ணே நைட்டில் இன்சார்ஜ், அவளுக்குத் துணைக்கு இருப்பவள் போன வாரம் சேர்ந்தவள்.

போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை, உலகம் முழுக்க 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்கிறது. வேலையில் இருப்பவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர் என்றும் சொல்கிறது. ஆள் தேவைப்படும் இடத்துக்கு ஆள் போகத்தான் செய்யும். எனக்குள்ள கவலை வேறு. பக்கத்தில் நின்று சொல்லித்தர மூத்தவர்கள் இல்லாத நேரத்தில் நீங்கள் வேலைக்கு வருகிறீர்கள், அதனால் உங்களை நீங்களேதான் தயார்செய்து கொள்ள வேண்டும். உள்ளூரில் இருந்தாலும் சரி, லண்டன் போனாலும் சரி, கைக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்கிற காகிதம் பையில் இருக்க வேண்டும். இரண்டையும் முதல் இரண்டு வருடத்தில் சேர்த்துவிட்டால் பிறகு யார் தயவும் தேவையில்லை.

பெயரைச் சரிசெய்த பிறகுதான் ரிஜிஸ்ட்ரேஷன்

பி.எஸ்சி. நர்சிங் என்றாலும் ஜி.என்.எம். டிப்ளமா என்றாலும், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிந்து ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்), ஆர்.எம். (பதிவுபெற்ற தாதி) எண் வாங்கினால்தான் நீங்கள் சட்டப்படி செவிலியர். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. கூடவே இந்திய நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் என்.யூ.ஐ.டி. என்று நாடு முழுவதற்குமான ஒரே எண்ணும் கிடைக்கும். இதெல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள், அதனால் நீட்டவில்லை.

பெயர் விஷயத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் இனிஷியல் வைத்துக்கொள்கிற வழக்கத்தால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் கவிதா எஸ், ஆதாரில் எஸ். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா செல்வராஜ், கல்யாணம் ஆனபின் ஆதாரை மாற்றினால் கவிதா முருகன். நமக்கு எல்லாம் ஒரே ஆள். வளைகுடா நாடுகளுக்கு உங்கள் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்துக்கும், பிரிட்டனின் செவிலியர் பதிவுக் குழுமமான என்.எம்.சி.க்கும் அவர்கள் நாலு பேர். என்னோடு ஐ.சி.யூ.வில் இருந்த ஒரு தங்கைக்கு வேலை உறுதியாகி ஆஃபர் லெட்டரும் வந்த பிறகு, ஒரே ஒரு இனிஷியலுக்காக ஐந்து மாதம் இழுத்தது. நோட்டரியிடம் அஃபிடவிட், திரும்பப் பல்கலைக்கழகம், திரும்பக் குழுமம் என்று அலைந்து முடிப்பதற்குள் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

ஆகவே கடைசி வருடம் படிக்கும்போதே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில், இனிஷியலை விரித்து அப்பா பெயராகப் போட்டு எடுங்கள். அதன் பிறகு எந்தப் படிவம் நிரப்பினாலும் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நிரப்புங்கள். பிறந்த தேதியையும் ஒருமுறை எல்லாக் காகிதத்திலும் ஒத்துப்பாருங்கள்.

குழுமப் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்துபோனவர்கள் நிறைய பேர், வேலை மாறும் நேரத்தில்தான் ஞாபகம் வரும்.

எந்த ஆஸ்பத்திரியில் சேருவது

வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகச் சேராதீர்கள், முதல் வேலைக்கு அது நல்ல காரணம் இல்லை. எத்தனை படுக்கை, ஐ.சி.யூ. உண்டா, ஒரு ஷிஃப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி, நைட்டில் சீனியர் யாராவது இருப்பார்களா, இந்த நாலையும் இண்டர்வியூவில் கேளுங்கள். கேட்டால் வேலை தர மாட்டார்களோ என்று பயப்பட வேண்டாம், இன்றைக்கு ஆள் கிடைக்காமல் தவிப்பது அவர்கள்தான்.

படுக்கை எண்ணிக்கையைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மத்திய அரசு மருத்துவமனையான எய்ம்ஸ் செவிலியர் எடுக்க நடத்தும் நார்செட் தேர்வுக்கு ஜி.என்.எம். படித்தவர்கள் போக வேண்டுமென்றால் குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். இருபது படுக்கை நர்சிங் ஹோமில் எத்தனை வருடம் உழைத்தாலும் அந்தக் கணக்கில் வராது. வளைகுடா வேலைக்கும் படுக்கை எண்ணிக்கையைக் கேட்பவர்கள் உண்டு.

அடுத்தது சம்பளம். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு நிபுணர் குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை மாநில அரசு செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும், 100க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50க்குக் கீழே என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இதுதான் குழுவின் பரிந்துரை. பரிந்துரைதானே தவிர இங்கே அது சட்டமாகவில்லை, அதனால்தான் இன்றும் சின்ன ஊர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் நைட் டூட்டி பார்க்கிறார்கள். நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரே தொகையைக் கேட்டால் நிர்வாகம் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள்.

இனி முக்கியமான ஒன்று, இதை மட்டுமாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். என் முதல் வேலையில் நான் கொடுத்தேன். சேர்ந்த அன்றே மார்க் ஷீட், டிகிரி, ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாவற்றையும் வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு வருட பாண்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பதினொன்றாம் மாதம் ஒரு அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு நாளைக்குத் தாருங்கள் என்று அந்த பீரோ முன்னால் நின்று அழுதேன், மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போ என்றார்கள். அப்பாவால் அப்போது அந்தப் பணம் புரட்ட முடியவில்லை. சரிபார்ப்பு நாள் போயே போய்விட்டது. அந்த பீரோவின் பச்சை நிறம்கூட இன்னும் கண்ணில் நிற்கிறது.

கல்விச் சான்றிதழ் விற்கிற வாங்குகிற பொருள் இல்லை, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவர்கள் தொடுத்த வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே ஒரிஜினலைக் காட்டுங்கள், அவர்கள் கண் முன்னாலேயே சரிபார்க்கட்டும், ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள். கட்டாயம் வேண்டும் என்றால் அந்த வேலை வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி, பெற்றுக்கொண்டோம் என்ற கையெழுத்தாவது இன்றைக்கே வாங்கி வையுங்கள், பின்னால் வழக்கு என்று வந்தால் அதுதான் ஆதாரம்.

வார்டில் கை பழகுவது

முதல் மூன்று மாதம் எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கும். அது போய்விடும். பயம் போன பிறகு வருகிற அசட்டைதான் ஆபத்து.

டூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவரை நர்சஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து வாங்காதீர்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் போய் நின்று வாங்குங்கள். பாட்டிலைப் பாருங்கள், அங்கிருந்து டியூப் வழியாகக் கண்ணை ஓட்டிக்கொண்டு கை வரைக்கும் வாருங்கள், போர்வையை விலக்கி ஊசி இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரு நைட்டில் "பன்னிரண்டாம் பெட், டிரிப்ஸ் ஓடுது, பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போர்வையை எடுத்தால் அந்தத் தாத்தாவின் புறங்கை பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது. லைன் நரம்பை விட்டு வெளியே வந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். வலிக்கவில்லையா தாத்தா என்றால், "நீங்கள்லாம் ஓடிக்கிட்டே இருக்கீங்களேம்மா, எதுக்குக் கூப்பிடணும்னு இருந்தேன்" என்கிறார். அதற்குப் பிறகு போர்வையை விலக்காமல் நான் ஒரு ஹேண்ட்ஓவரும் வாங்கியதில்லை.

சொட்டுக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். 500 மில்லி எட்டு மணி நேரத்தில் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது, ஐ.வி. செட் மில்லிக்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு, எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம், வகுத்தால் நிமிடத்துக்கு 21 சொட்டு. செட் கவரைப் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள், மில்லிக்கு 15 சொட்டு செட்டாக இருந்தால் இதே டிரிப்ஸுக்கு நிமிடத்துக்கு 16தான். டிரிப்ஸை அளவாக ஓட்டும் பம்பு இருக்கிறதே என்று இதை விட்டுவிட்டவர்கள், கரண்ட் போய் பம்பின் பேட்டரியும் தீர்ந்த ராத்திரியில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டன் போவதற்கான என்.எம்.சி. கம்ப்யூட்டர் தேர்விலும் முதல் பகுதியே இந்த மாதிரிக் கணக்குதான்.

கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்கு பி.பி. குறைந்தது, எத்தனை மணிக்கு எந்த டாக்டரிடம் சொன்னீர்கள், அவர் போனில் என்ன சொன்னார், எல்லாம். காலை ஆறு மணி ரீடிங்கை நாலு மணிக்கே எழுதி வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு, மூத்தவர்களே சொன்னாலும் செய்யாதீர்கள். ஐந்து மணிக்கு அந்த நோயாளி இறந்துபோனால் ஆறு மணி பி.பி. உங்கள் கையெழுத்தில் இருக்கும்.

ஆறு மாதம் ஜெனரல் வார்டு பார்த்த பிறகு ஒரு பிரிவைப் பிடித்து நில்லுங்கள். ஐ.சி.யூ., டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், பச்சிளங்குழந்தைப் பிரிவு, லேபர் வார்டு, எது மனசுக்குப் பிடிக்கிறதோ அது. மாதம் ஒரு வார்டாக மாற்றி விடுகிற ஆஸ்பத்திரி என்றால் நர்ஸ்களுக்குத் தலைமையான மேட்ரனிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் முறை. மூன்று பேரைத் தள்ளிவிட்டால் அதையும் அன்றைய தேதி போட்டு இன்சார்ஜிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், சண்டை போட வேண்டாம், தகவலாக எழுதினால் போதும்.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். நோயாளி பெயர் வேண்டாம். எந்தத் தேதியில் என்ன செய்தீர்கள், எத்தனை கதீட்டர், எத்தனை முறை சி.பி.ஆர்., எந்த மாடல் வென்டிலேட்டர், என்னென்ன மருந்து இன்ஃப்யூஷன். இரண்டு வருடம் கழித்து இண்டர்வியூவில் "என்ன பார்த்தாய்" என்று கேட்பார்கள், அந்த நோட்டு உங்களைப் பேச வைக்கும்.

அரசு வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012இல் வந்தது. அது வழியாகப் போகிறவர்கள் முதலில் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தமாகச் சேர்கிறார்கள், நிரந்தரம் ஆவதற்குப் பல வருடம் ஆகிறது. கொரோனா காலத்தில் எடுத்த செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஓடு முடிந்தது என்று சொல்லி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியது நினைவிருக்கும். பி.பி.இ. பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து ஊற்ற நின்றவர்கள் அவர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் தேர்வு எழுதுங்கள், ஆனால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள், இரண்டு வருட இடைவெளி விழுந்தால் வெளிநாட்டு வழியும் அடைபடும்.

ஆண் பிள்ளைகள் நார்செட்டை விட்டுவிடாதீர்கள். எய்ம்ஸில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 சதவீதம் என்று பிரித்திருக்கிறார்கள், போட்டி கடுமை, ஆனாலும் சென்ட்ரல் சம்பளம்.

வெளிநாடு போவதென்றால்

முதலில் பணம் பற்றிப் பேசிவிடுவோம், ஏமாறுவது அங்கேதான். இந்தியாவில் ஆள் எடுக்கும் ஏஜெண்ட் உங்களிடம் சட்டப்படி வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். 2015இல் குவைத் வேலைக்கு அப்போதைய வரம்பான 20,000க்குள் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு 19 லட்சத்துக்கு மேல் வாங்கியதாகக் கொச்சியில் சி.பி.ஐ. வழக்கே பதிவானது. நிலத்தை விற்றுக் கொடுத்தவர்கள் உண்டு. அந்தக் குளறுபடிக்குப் பிறகுதான் சவூதி, குவைத், எமிரேட்ஸ் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்கள் போவதற்குக் கட்டாயம் குடியேற்ற அனுமதி வேண்டும், அரசு நிறுவனங்கள் வழியாக எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதற்கு 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது, ஓ.எம்.சி.எல். என்பார்கள். ஏஜெண்டைப் பார்க்கும் முன்னால் அங்கே பதிந்து வையுங்கள். தனியார் ஏஜெண்ட்தான் என்றால் அவர் லைசென்ஸ் எண்ணை மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் தட்டிப் பாருங்கள். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2014இல் ஈராக்கின் திக்ரித்தில் நம் செவிலியர்கள் 46 பேர் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோது, வாங்கின கடனுக்குப் பயந்தே திரும்பி வரத் தயங்கியவர்கள் அதில் இருந்தார்கள். போகிற நாட்டில் என்ன நிலவரம் என்பதையும் பாருங்கள்.

வளைகுடாவுக்குப் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம், டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, ப்ரோமெட்ரிக் என்கிற கம்ப்யூட்டர் தேர்வு. இந்த டேட்டாஃப்ளோகாரர்கள் நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேட்பார்கள், பதில் வராவிட்டால் உங்கள் இரண்டு வருடமும் கணக்கில் சேராது. ஹெச்.ஆரில் இருப்பவரோடு நல்ல முகத்தோடு பிரியுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. மருத்துவத் துறைக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. என்றால் மூன்றில் பி, எழுத்தில் சி ப்ளஸ். ஆஸ்பத்திரிப் பேச்சு பழகியவர்களுக்கு ஓ.இ.டி. சுலபமாக வரும் என்பது என் அபிப்பிராயம். பிறகு இங்கேயே கம்ப்யூட்டர் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு. 2022, 2023இல் அள்ளி எடுத்தார்கள், அதன் பிறகு வெகுவாகக் குறைத்துவிட்டார்கள், ஆகவே பிரிட்டன் ஒன்றையே நம்பிக் கடன் வாங்காதீர்கள். நர்ஸ் வேலை இல்லை, கேர் அசிஸ்டெண்ட் விசா வாங்கித் தருகிறேன் என்று இப்போதும் யாராவது சொன்னால் பொய், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் அந்த வழியை 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

ஜெர்மனிக்கு மொழிதான் எல்லாம். நர்ஸாக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியில் பி2 நிலை வரை வர வேண்டும், வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் நர்ஸ் வேலை, ஆயாம்மா வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. இதைத் தெரியாமல் போய் மனசொடிந்த பிள்ளைகளிடம் போனில் பேசியிருக்கிறேன். இங்கே இருக்கும்போதே வாரம் இரண்டு நோயாளிக்கு நீங்களே பெட் பாத் கொடுத்துப் பழகுங்கள், நோயாளியின் முதுகையும் தோலையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்ப்பீர்கள்.

எந்த நாடானாலும் ஒன்று. இங்கே நம் கை பழகியது மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினும் சிவப்பு மூடி சிரிஞ்சும். அங்கே 100 யூனிட், ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் பத்தாம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது பத்து இல்லை, இருபத்தைந்து யூனிட். நம் ஊரிலும் இப்போது இரண்டும் கலந்து கிடக்கின்றன, ஆகவே மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து எண்ணைப் படித்த பிறகே இழுக்கும் பழக்கத்தை இங்கேயே கொண்டுவாருங்கள்.

வேலையை விடும் நாளில்

நோட்டீஸ் காலத்தை முழுசாக முடியுங்கள், பாதியில் ஓடிப்போனால் காகிதம் கிடைக்காது. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டின் வாசகத்தை நீங்களே டைப் செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, எந்தப் பிரிவு, முழு நேர வேலை, ஆஸ்பத்திரியின் படுக்கை எண்ணிக்கை, கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, ஆபீஸ் ஈமெயில், லெட்டர்ஹெட், சீல். "அவர் எங்களிடம் பணிபுரிந்தார், நல்ல நடத்தை உள்ளவர்" என்று இரண்டு வரியில் தருவதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கூடவே ரிலீவிங் ஆர்டர், எல்லா மாதத்துச் சம்பள ரசீது, பி.எஃப். எண். சம்பளத்தைக் கையில் ரொக்கமாகத் தருகிற இடம் என்றால் முதல் மாதத்திலேயே வங்கிக் கணக்கில் போடச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் வேலை பார்த்ததற்கு வேறு சாட்சி இருக்காது. எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து உங்கள் ஈமெயிலுக்கு நீங்களே ஒரு பிரதி அனுப்பிவிட்டு, ஒரிஜினலை பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.